அளவு டேப்பும் ஒரு துணையும்: ராமநாதபுரம் கடற்கரையில் எடை குறைக்கத் தொடங்குபவர்களுக்கு

நான் தையல் வேலை செய்பவள். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு ஊரில், வீட்டுத் திண்ணையிலேயே மெஷினைப் போட்டு இருபது வருடமாகத் தைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்சம்மா என் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா, அதைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். 38 இஞ்ச். ஊரில் பாதிப் பெண்களின் அளவு என் நோட்டில் இருக்கிறது. என் அளவு அதுவரை அதில் ஏறியதே இல்லை. அன்று என் எடை 68 கிலோ. இன்று 60. பதினான்கு மாதத்தில் குறைந்தது இது. அப்புறம் கூடவும் இல்லை, பெரிதாகக் குறையவும் இல்லை.

இந்த எட்டுக் கிலோவை நான் தனியாகக் குறைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம்மை அளந்து பார்க்க ஒருவர் வேண்டும், கூட நடக்க ஒருவர் வேண்டும். இரண்டு பேரும் நம் தெருவிலேயே கிடைப்பார்கள், காசும் கேட்க மாட்டார்கள். எங்கே போய் யாரிடம் கேட்பது, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நான் போன வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு

எடை பார்ப்பதற்கு முன் இடுப்பை அளந்துவிடுங்கள். பாவாடை நாடா கட்டும் இடம் இடுப்பு இல்லை. அங்கே அளந்தால் தப்பான கணக்கு வரும். விலா எலும்பின் கடைசி முனையைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில், டேப்பைச் சுற்றவேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் படியுங்கள். டேப் தோலில் பட்டிருக்கவேண்டும், அழுத்தக்கூடாது. முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்கியிருக்கும், நமக்குத் தெரியாது. அதனால் இன்னொருவரைப் பிடிக்கச் சொல்வது நல்லது.

நம் நாட்டவருக்குப் பெண்கள் என்றால் 80 சென்டிமீட்டர், ஆண்கள் என்றால் 90 சென்டிமீட்டர் எல்லை. டேப்பின் இஞ்ச் பக்கத்தில் சொன்னால் பெண்களுக்கு முப்பத்தொன்றரை இஞ்ச், ஆண்களுக்கு முப்பத்தைந்தரை இஞ்ச். அதைத் தாண்டினால் சர்க்கரை, இதயநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

அடுத்தது எடைக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தை அதே உயரத்தால் பெருக்கினால் வரும் எண்ணால் வகுக்கவேண்டும். என் உயரம் 1.55 மீட்டர். 68 கிலோவுக்கு 28.3 வந்தது. நமக்கு 23-க்கு மேல் போனால் எடை அதிகம், 25-க்கு மேல் உடல்பருமன். இதைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். எனக்கு அது மூன்றரைக் கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை. முதல் குறியாக அந்த மூன்றரையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நர்சம்மாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஊரிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்கோ போய், "சர்க்கரை, பிரஷர் பார்க்கணும்" என்று சொன்னால் போதும். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். வருகிற பெண் பெரும்பாலும் நம் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். "மாதம் ஒரு தடவை என் எடையையும் இடுப்பையும் எழுதி வைக்கிறீங்களா" என்று கேளுங்கள். என் நர்சம்மா ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தார். அடுத்த மாதம் அந்த நோட்டைத் திறப்பார் என்ற நினைப்பே பல நாள் இரண்டாவது தட்டுச் சோற்றைத் தடுத்திருக்கிறது.

சிலர் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் எல்லாம் அந்த வரிசையில் வருவார்கள். சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டே சாப்பாட்டைக் குறைத்து நடக்கவும் செய்தால் சிலருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். இவர்கள் முந்தானையிலோ சட்டைப் பையிலோ நாலு மிட்டாயோ குளுக்கோஸோ வைத்துக்கொண்டுதான் வெளியே இறங்கவேண்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ இடது கை, தாடைப் பக்கம் வலி பரவினாலோ நின்றுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுதான் என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

காரணமே இல்லாமல் எடை ஏறுகிறது, எப்போதும் அசதி, மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் நாளில், யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு எங்கே இருக்கிறது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் காசு கொடுத்துக் கற்கும் ஆசனங்களை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே சொல்லித்தருகிறார்கள். சின்னச் சின்ன சந்தேகத்துக்கு 104-க்குப் போன் செய்யலாம்.

துணை

மருந்துச் சீட்டில் எழுதித் தராத மருந்து இது. நான் முதலில் மூன்று தடவை தனியாக நடக்கத் தொடங்கி மூன்று தடவையும் விட்டேன். காலையில் எழுந்தால் வாசல் தெளிப்பது, பால், பிள்ளைகளின் சாப்பாடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். "நாளைக்குப் போய்க்கலாம்" என்று மனசு சொல்லும். நம் ஊர்ப்பக்கம் ஒரு பெண் காரணமில்லாமல் சாலையில் நடந்தால் நாலு பேர், "எங்க போறீக?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் கூச்சமும் இருந்தது.

நாலாவது தடவை எதிர்வீட்டு மதினியிடம் கேட்டேன். "மதினி, காலையில அஞ்சரைக்கு வாறீகளா? பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"வாறேன். தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே" என்றார்.

அது நியாயமான நிபந்தனை. குடிதண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நாம் நடக்கிற நடையும் நடைதான். தண்ணீர் வரும் நாளை நடை நாளாகவே கணக்கில் எழுதிக்கொண்டோம். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம் வரை, இரண்டு நாள் தண்ணீர் வண்டி. இப்படித் தொடங்கியது இரண்டு பேர். ஆறு மாதத்தில் ஏழு பேர் ஆனோம். கூட்டமாகப் போனபிறகு "எங்க போறீக?" என்று யாரும் கேட்கவில்லை. "நானும் வரட்டா?" என்று கேட்டார்கள்.

துணை தேட எனக்குத் தெரிந்து மகளிர் குழுவைப்போல் வசதியான இடம் இல்லை. கூட்டம் எப்படியும் நடக்கிறது, எல்லோரும் எப்படியும் வருகிறார்கள். பணம் கட்டி முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி டேப்பைச் சுற்றிப் பாருங்கள். அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், அவரவர் தன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். இது முக்கியம். ஒருத்தியின் எடையை நாலு பேர் நடுவில் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு அவள் வரமாட்டாள். "என்ன இப்படிப் பெருத்துட்டே" என்று சொல்லி யாரையும் நடக்க வைத்துவிட முடியாது. அந்த வார்த்தைக்குப் பயந்தே வீட்டுக்குள் இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆண்களுக்கு இது இன்னும் சுலபம். டீக்கடையில் காலையில் கூடும் அதே ஆட்களே போதும். டீக்கு முன்னால் ஒரு நடை போய்விட்டு வந்து குடித்தால் சரி. 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டமாக நடக்கவும் உடம்பைப் பரிசோதிக்கவும் ஏற்பாடு உண்டு. ராமநாதபுரம் டவுன் பக்கம் இருப்பவர்கள் அதைச் சுகாதார நிலையத்தில் விசாரித்துவிட்டுப் போகலாம். புதியவர்கள் முதல் நாளே எட்டுக் கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. முடிந்த மட்டும் நடந்து திரும்பலாம்.

எங்கே, எப்போது நடப்பது

முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் மட்டும். மூன்றாம் வாரம் பதினைந்தாக்குங்கள். எட்டாம் வாரத்துக்குள் ஒரே மூச்சில் அரைமணி நேரம் வந்துவிடும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அந்த 150 வந்தது. வேகத்துக்குக் கடிகாரம் வேண்டாம். கூட வருபவரிடம் பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் சரியான வேகம்.

நம் கடற்கரையின் வெயிலை மதிக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் ஏழரை மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் கண்ணில் அடிக்கும். போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், வரும்போது காற்று முதுகில் தள்ளும். களைத்த பிறகு எதிர்காற்றில் திரும்பி வருவது புதியவர்களுக்குப் பெரிய பாடு.

அரியமான், தேவிபட்டினம், தொண்டி என்று கரையோரம் இருப்பவர்களுக்கு மணலில் நடக்க ஆசை வரும். காய்ந்த மணலில் கால் புதையும், கணுக்கால் பிரளும். அலை வந்து போன ஈரமணல் இறுகிக் கிடக்கும், அதில் நடங்கள். கரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால் போகும்போது ஒரு காலுக்கும் வரும்போது மறு காலுக்கும் சுமை மாறும்படி அதே வழியில் திரும்புங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. சிப்பியும் வலை நரம்புத் துண்டும் கிழித்தால் அவர்களில் பலருக்கு வலி தெரியாது, புண் சீக்கிரம் ஆறாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் விடியற்காலையில் நடக்கலாம். பாம்பன் சாலைப் பாலத்தைப் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் இறங்க வழியில்லை, காற்றும் வண்டிகளும் சேர்ந்து மிரட்டும். தனுஷ்கோடி அரிச்சல்முனைச் சாலையிலும் ஒதுங்க நிழல் கிடையாது. அங்கே கடலில் இறங்குவதும் ஆபத்து. கீழக்கரை, பெரியபட்டினம் தெருக்கள் நெருக்கமானவை, நிழல் உள்ளவை. விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்து வரும் நேரம் நடைக்கு நல்ல நேரம். ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்கம் இருக்கிறது. எதுவும் இல்லாத சின்ன ஊரில் பள்ளிக்கூட மைதானத்தைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மணி அடிப்பதற்கு முன் நடந்து முடிப்போம் என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார். சில ஊராட்சிகளில் அரசு கட்டிக்கொடுத்த உடற்பயிற்சிக்கூடம் பூட்டிக்கிடக்கும். சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும், போய் வாங்குங்கள். நம் வரிப்பணத்தில் கட்டியதுதான்.

நாய்க்கு ஒரு குச்சி, இருட்டுக்கு ஒரு டார்ச். சாலையில் வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்கவேண்டும்.

தட்டு

நடந்தால் மட்டும் எடை இறங்காது. இது எனக்குத் தெரிய நாலு மாதம் ஆனது. அரைமணி நடையில் செலவாவது சுமார் 100 முதல் 150 கலோரி. ஒரு டீஸ்பூன் சீனி 20 கலோரி. மெஷினில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்று குடித்தேன். எட்டு ஸ்பூன், 160 கலோரி. காலையில் நடந்ததெல்லாம் டம்ளருக்குள் போய்க்கொண்டிருந்தது. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் மாற்றம் சீனி. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி என்றாலும் எடையின் கணக்கில் அதுவும் சீனிதான். பதநீரும் அப்படித்தான். நுங்கு தாராளமாகச் சாப்பிடக்கூடியது. பனங்கிழங்கு மாவுச்சத்து உள்ளது, அளவோடு சாப்பிடுங்கள்.

நம் கரையில் மீனுக்குக் குறைவில்லை, காய்க்குத்தான் குறை. பல வீடுகளில் மதியச் சாப்பாடு என்பது தட்டு நிறையச் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன். இந்தத் தட்டைத் திருப்பிப் போடவேண்டும். பாதித் தட்டுக்குச் சுரைக்காயோ பீர்க்கங்காயோ முருங்கைக்கீரையோ. கால் தட்டுக்கு மீன். மிச்சம் கால் தட்டுக்குச் சோறு. முதலில் காயையும் மீனையும் போட்டுவிட்டு, கடைசியில் சோற்றைப் போடுங்கள். சோற்றை முதலில் போட்டால் காய்க்கு இடமே இருக்காது. பெரிய கரண்டிக்குப் பதில் சின்னக் கரண்டி எடுத்தேன். அந்தச் சின்ன மாற்றம் எனக்கு நன்றாக உதவியது.

விலை உயர்ந்த மீன் தேவையில்லை. சூடை, நெத்திலி, சாளை எல்லாம் புரதம் நிறைந்தவை, பசியை அடக்கும். குழம்பாக வையுங்கள், அல்லது தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் புரட்டி எடுங்கள். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. சட்டியில் ஊற்றிப் பொரித்தால் மீனைவிட எண்ணெய்க்குத்தான் கணக்கு அதிகம் வரும். கருவாட்டில் உப்பு மிக அதிகம். பிரஷர் உள்ளவர்கள் வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்குள் இருக்கவேண்டும், அதாவது ஒரு டீஸ்பூன்.

ராத்திரிப் பரோட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். கல்யாண வீட்டில் தொதல் இனிப்போ நெய்ச்சோறோ வந்தால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். அடுத்த வேளை பட்டினி கிடக்க வேண்டாம்.

பவுடர் வாங்குவதாக இருந்தால் அந்தக் காசில் மீன் வாங்குங்கள். நான் ஒருமுறை இரண்டு மாதக் கூலியைக் கொடுத்து ஒரு டப்பா வாங்கினேன். சாப்பாட்டுக்குப் பதில் அதைக் குடிக்கச் சொன்னார்கள். நாலு கிலோ இறங்கியது, நிறுத்தியதும் ஐந்து கிலோ ஏறியது. மாதம் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். வாரத்துக்கு அரைக்கிலோ என்பதே நல்ல வேகம்.

கைக்கும் காலுக்கும் வலு

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை தரவேண்டும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு போட்டு, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு பத்து. முட்டி வலிப்பவர்கள் நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம் சுவரில் கை ஊன்றிச் சாய்ந்து நிமிர்வது பத்து முறை. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் நிரப்பித் தோள் உயரம் தூக்கி இறக்குவது பத்து முறை. இவ்வளவுதான், கால்மணி நேரம். என்னைப்போல் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் ஒவ்வொரு பிளவுஸ் முடிந்ததும் எழுந்து, வாசல் வரை போய் வந்து அடுத்ததை எடுங்கள்.

தடைக்காலமும் நோன்பும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை இழுத்த உடம்பு வீட்டில் இருக்கும். சாப்பாடு மட்டும் கடலுக்குப் போன நாள் அளவிலேயே இருக்கும். தடைக்காலத்தில் ஆண்களுக்கு இடுப்பு ஏறுவதை வேட்டி மடிப்பிலேயே பார்க்கலாம். ஆனால் குடும்பமாகச் சேர்ந்து நடக்க இதைவிட நல்ல காலம் இல்லை. என் வீட்டுக்காரரை நான் கூட்டிப்போனது அந்த மாதங்களில்தான். படகு வேலை பார்க்கப் போகும்போது வண்டியை எடுக்காமல் நடந்து போகச் சொன்னேன்.

ரமலான் நோன்பு வைப்பவர்களில் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், நோன்புக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். நடையை இரவுத் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நோன்பு திறக்கும்போது கஞ்சியும் பேரீச்சம்பழமும் போதும். வடை, சமோசாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எடை நின்றுபோனால்

மூன்று, நாலு மாதத்தில் எடை ஒரே இடத்தில் நிற்கும். எல்லோருக்கும் நிற்கும். உடம்பு லேசானதும் அதற்கு வேண்டிய சாப்பாடும் குறைகிறது, அதனால்தான். அப்போது எடைக்கருவியை விட்டு டேப்பைப் பாருங்கள். என் எடை ஏழு வாரம் 63-லேயே நின்றது. அந்த ஏழு வாரத்தில் மதினி எனக்கு இடுப்பளவு எடுத்தபோது முக்கால் இஞ்ச் குறைந்திருந்தது. என் பிளவுஸ் இரண்டைப் பக்கத்துக்குக் கால் இஞ்ச் பிடித்துத் தைத்துக்கொண்டேன். டேப்பும் நகரவில்லை என்றால் நடையில் பத்து நிமிடம் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ராத்திரித் தட்டில் ஒரு கரண்டி குறையுங்கள்.

நாலு நாள் நடக்காமல் போனால் ஐந்தாம் நாள் பாதி நேரம் நடங்கள், விட்டதையெல்லாம் சேர்த்து நடக்க வேண்டாம். மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். இறங்கியிருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவெழுதிய நோட்டைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைப்பதா, தொடர்வதா என்று அவர் சொல்வார்.